தமிழ்ச் சொற்களை உடைக்கும் சொற்பிரிப்பு: திருத்தத்தை எப்படி அனுப்புவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சங்க அகப்பாடல்களையும் அவற்றோடு வரும், பாடலைச் சொல்பவர் யார் என்று காட்டும் கூற்றுக் குறிப்புகளையும் சேர்த்து ஒரு சொல்லடைவு உருவாக்குவது என் ஆய்வின் ஒரு பகுதி. என் நெறியாளர் தம் காலத்தில் அட்டை அட்டையாக எழுதி அடுக்கிச் செய்த வேலையை நான் பைத்தான் கற்றுக்கொண்டு, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளையும் வேறு சில இடங்களில் திரட்டிய கோப்புகளையும் வைத்துச் செய்து பார்க்கிறேன்.

சொற்களைப் பிரித்து எண்ணுவதற்குப் பலரும் பயன்படுத்தும் ஒரு திறமூல நிரலகத்தை (பிறர் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்துவைத்த ஆயத்த நிரல்தொகுப்பை) எடுத்துக்கொண்டேன். முதல் முறை ஓடவிட்டபோது வந்த பட்டியலில் 'தோழி' என்ற சொல்லே இல்லை. அகப்பாடல்களின் சொல்லடைவில் தோழி இல்லையென்றால் அதை எந்தத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? 'கூற்று' என்ற சொல்லும் காணவில்லை. அதே சமயம் பட்டியலின் உச்சியில் 'தல' என்று ஒன்று நின்றது. ஏதோ திரைப்பட ரசிகர் மன்றத்தின் கோப்பைத் தவறாகக் கொடுத்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் தலைவி, தலைவன், தலைமகள் ஆகிய மூவரின் முதல் இரண்டு எழுத்துகளும் துண்டாகி அங்கே ஒன்றாக நிற்கின்றன என்று புரிந்தது. 'கடல்' புள்ளியை இழந்து 'கடல' என்று வந்திருந்தது.

காரணத்தைத் தேடி நிரலுக்குள் போனபோது, சொல் எது என்று முடிவு செய்யும் ரீஜெக்ஸ் (எழுத்துக் கோவைகளைத் தேடிப் பொருத்தும் குறியீட்டு விதி) ஒரே வரியில் இருப்பதைக் கண்டேன். அதை நானே திருத்தி, கூடவே என் கோப்புகளில் கண்ட வேறு சில குறைகளையும் சரிசெய்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றங்களை ஏற்கும்படி பராமரிப்பவர்களைக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினேன். அதில் நான்கு மாற்றங்கள் இருந்தன. எல்லா மொழிகளின் குறிகளுக்கும் எண் தரும் கணினித் தரமான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் உள்ள எந்தக் குறியையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளும்படி ரீஜெக்ஸை மாற்றினேன். 'கெளரவம்' என்பதுபோல் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரம் வந்துள்ள இடங்களைத் திருத்த ஒரு செயற்கூறு எழுதினேன். 'கடலைக்', 'கடலைச்' என்று சொல்லின் இறுதியில் மிகும் வல்லொற்றை நீக்க இன்னொன்று எழுதினேன். ஆவணத்தில் தமிழ் எடுத்துக்காட்டுகளையும் சேர்த்தேன். மொத்தம் 19 கோப்புகள். அவற்றுள் ஒரு கோப்பில் நான் மாற்றியது இரண்டே வரிகள், ஆனால் 840 வரிகள் மாறியிருப்பதாகக் கிட்ஹப் காட்டுகிறது.

ஏழு வாரங்கள் ஆகின்றன. தானியங்கிச் சோதனையில் மூன்று தோற்றன என்னும் சிவப்புக் குறியைத் தவிர வேறு பதில் இல்லை. இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: என் திருத்தத்துக்குப் பின்னும் 'தோழி' முழுமையாக வரவில்லை, 'தோழ' என்றுதான் வருகிறாள்.

நான் செய்த பிழை என்ன? கணினியியல் படிக்காத, தமிழ் மட்டும் படித்த ஒருத்தி இத்தகைய நிரலகத்தில் கைவைப்பது முறைதானா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

நிரல்நெசவு எழுதியது:

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். 'தோழி' காணாமல் போனதைக் கண்டுபிடிக்கத் தோழி அங்கே இருந்தாக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த நிரலகத்தைப் பராமரிப்பவர்களில் அது தெரிந்தவர் யாரும் இருக்க வாய்ப்பில்லை, ஆகவே தயங்க வேண்டாம்.

வழு எங்கே பிறக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்ப்போம். யூனிகோடு க, ச, த போன்றவற்றை எழுத்து என்ற வகையிலும், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் 'இணைக்குறி' என்ற தனி வகையிலும் வைத்திருக்கிறது. பைத்தானோடு வரும் ரீஜெக்ஸ் தொகுதியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியீடு எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை ஏற்கும், இணைக்குறிகளை ஏற்காது. யூனிகோடின் 18ஆம் தொழில்நுட்பத் தரம் இணைக்குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்ளச் சொல்கிறது. இந்த முரண்பாடு பைத்தானின் வழுப்பட்டியலில் 2011ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. ஆகவே 'தோழி' என்பதில் ஓகாரக் குறி வரும் இடத்திலும் இகரக் குறி வரும் இடத்திலும் சொல் முறிகிறது, 'த', 'ழ' என்று இரண்டு துண்டுகள் எஞ்சுகின்றன. நீங்கள் குறிப்பிடும் வகை நிரலகங்களில் இரண்டு குறிகளுக்குக் குறைவான துண்டுகளைத் தள்ளிவிடும் வழக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் ஓரெழுத்துச் சொற்கள் எண்ணிக்கைக்குப் பயன்படா என்ற எண்ணத்தில் வைத்த விதி அது. அந்த விதி இரண்டு துண்டுகளையும் தள்ளிவிட, தோழி சுவடின்றிப் போய்விடுகிறாள். 'கூற்று' என்பதும் அப்படியே. உயிர்க்குறி இல்லாத அகரமேறிய எழுத்துகள் அடுத்தடுத்து வரும் சொற்கள் மட்டும் ஓரளவு தப்பிக்கின்றன.

இனி, உங்கள் திருத்தத்துக்குப் பின்னும் 'தோழ' என்று வருவது ஏன் என்பது. சொல்லெழுத்துக் குறியீட்டை மாற்றியிருக்கிறீர்கள். அதன் இருபுறமும் உள்ள சொல்லெல்லைக் குறியீட்டை அப்படியே விட்டிருப்பீர்கள். சொல்லெல்லை என்பது ஒருபுறம் சொல்லெழுத்தும் மறுபுறம் வேறொன்றும் நிற்கும் இடம். அதைப் பைத்தான் தன் பழைய வரையறையை வைத்தே கணக்கிடும். 'தோழி'யின் இறுதியில் இகரக் குறியும் அதற்குப்பின் இடைவெளியும் இருக்கின்றன. பைத்தானின் கணக்கில் இரண்டுமே சொல்லெழுத்து அல்ல, எனவே அங்கே எல்லை இல்லை. பொருத்தம் தேடி ஒரு குறி பின்னுக்கு வந்தால் ழகரத்துக்கும் இகரக் குறிக்கும் நடுவே ஓர் எல்லை அகப்படுகிறது, அங்கே வெட்டிவிடுகிறது. எல்லைக் குறியீட்டை எடுத்துவிட்டு, 'முன்னும் பின்னும் சொல்லெழுத்தோ இணைக்குறியோ இல்லாதிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையை நீங்களே எழுதினால் சரியாகிவிடும்.

தமிழ்ப் பகுதி முழுவதையும் ஏற்கும்படி செய்ததைக் கைவிடுங்கள். அந்தப் பகுதியில் எழுத்துகளோடு ௳, ௴, ௵ என்னும் நாள், மாத, ஆண்டுக் குறிகளும், பற்று, வரவு, மேற்படி, ரூபாய்க் குறிகளும் இருக்கின்றன. பழைய கணக்கேடு ஒன்றை யாராவது உள்ளிட்டால் அவையெல்லாம் சொல்லாக எண்ணப்படும். அதைவிட முக்கியமாக, இதே வழு இந்தி, வங்காளம், மலையாளம், சிங்களம் என்று உயிர்க்குறி இடும் மொழிகள் எல்லாவற்றையும் பாதிக்கிறது. தமிழுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தால், நாளை இன்னொருவர் வங்காளத்துக்கு ஒன்று சேர்க்க வருவார் என்று பராமரிப்பாளர் அஞ்சுவது நியாயமே. 'இணைக்குறி வகையைச் சேர்ந்த எதுவும் சொல்லின் உறுப்பு' என்று பொதுவாக எழுதினால் மாற்றமும் சிறியதாகும், பயனும் பலருக்குக் கிடைக்கும். பைத்தானுக்கு வெளியிலிருந்து நிறுவிக்கொள்ளும் ரீஜெக்ஸ் தொகுதி ஒன்று இதைத் தானாகவே சரியாகச் செய்யும் என்பது உண்மை. ஆனால் தங்கள் நிரலகம் இன்னொன்றைச் சார்ந்து நிற்பதைப் பராமரிப்பாளர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கேட்டுப் பார்க்கலாம், அதையே நம்பியிருக்க வேண்டாம்.

அனுப்பும் முறைக்கு வருகிறேன். நான்கு மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால், அவற்றுள் ஒன்று பிடிக்கவில்லை என்றாலும் நான்கும் நிற்கும். ஓய்வு நேரத்தில் இதைப் பார்க்கும் ஒருவர் 19 கோப்புகளைக் கண்டதும் 'ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்று மூடிவிடுவார், அந்த ஞாயிறு வராது. நானும் அப்படி மூடியதுண்டு. அந்த 840 வரிகள் விண்டோஸ் வரியிறுதிக் குறியின் வேலையாக இருக்கும்: உங்கள் எடிட்டர் கோப்பைச் சேமிக்கும்போது எல்லா வரியிறுதிகளையும் மாற்றியிருக்கிறது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளின் அமைப்பில் அதைச் சரிசெய்துவிட்டுப் புதிய கிளையில் (நிரலின் தனி நகலில்) தொடங்குங்கள்.

நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு வழுப்பதிவு எழுதுங்கள். அதில் மூன்றே செய்திகள் போதும்: கொடுத்த சொல், கிடைத்த விடை, கிடைத்திருக்க வேண்டிய விடை. தமிழ் படிக்கத் தெரியாதவர் அதைப் படிக்கப் போகிறார் என்பதை நினைவில் வையுங்கள். அவருக்குக் 'கடல்' என்பதும் 'கடல' என்பதும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். 'நான்கு குறியெண்கள் உள்ளே போகின்றன, மூன்று வெளியே வருகின்றன' என்று எண்ணிக்கையில் சொன்னால் (குறியெண் என்பது யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) உடனே பிடித்துக்கொள்வார். அதன்பின் தற்போதைய நிரலில் தோற்கும் சோதனைகளை மட்டும் எழுதி, அடுத்த கமிட்டில் (கிட்டில் பதியும் அடுத்த மாற்றத்தில்) அவற்றைத் தேற வைக்கும் மாற்றத்தைத் தாருங்கள்.

சோதனைக் கோப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. 'கொண்கன்' என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இட்டால் மொத்தம் 7. எகரக் குறியையும் காலையும் (ா) தனித்தனியே இட்டால் 8. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உங்கள் கோப்புகள் பல இடங்களிலிருந்து வந்தவை என்பதால், சொல்லடைவில் கொண்கன் இரண்டு பதிவுகளாக நிற்பான் என்று நினைக்கிறேன், பாருங்கள். என்எஃப்சி என்னும் யூனிகோடு இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சோதனையில் இரண்டு வடிவங்களையும் நேரடியாகத் தட்டச்சு செய்து வைத்தேன். சோதனை தேறியது. உண்மையில் நகலெடுத்து ஒட்டிய வழியில் ஏதோ ஒரு மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிட்டது. ஒரு சொல்லை அதே சொல்லோடு ஒப்பிட்டுவிட்டு எல்லாம் சரி என்று நானும் ஒரு வருடம் நம்பியிருந்தேன். அன்றிலிருந்து இத்தகைய சோதனைகளில் எழுத்துகளை இடாமல் குறியெண்களையே எழுதுகிறேன். படிக்க அழகாக இராது, ஏமாற்றாது.

இன்னொன்று: இயல்பு நடத்தையை மாற்றினால் பழைய பயனர்களின் எண்ணிக்கைகள் எல்லாம் மாறும். பழைய சொற்பட்டியலை வைத்துப் பயிற்றுவித்த இயந்திரக் கற்றல் மாதிரிகள் புதிய பதிப்பில் பொருந்தாமல் போகும். தோற்ற அந்த மூன்று சோதனைகள் பழைய நடத்தையைக் காக்க எழுதியவையாகவும் இருக்கலாம், திறந்து படித்துப் பாருங்கள். எனவே முதலில் விருப்பத் தேர்வாகக் கொடுத்து, அடுத்த பெரும்பதிப்பில் இயல்பாக்கலாம் என்று நீங்களே முன்மொழிந்தால் எதிர்ப்பு குறையும். உங்கள் ஆய்வு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய நிரலகங்களில் பெரும்பாலும் சொற்பிரிப்பு ரீஜெக்ஸை நாமே கொடுக்க இடமிருக்கும்.

மெய்ப்புமேசை எழுதியது:

எனக்கு நிரல் தெரியாது. ஒரு பதிப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். ளகரத்தை ஔகாரமாக்கும் செயற்கூறு பற்றிப் படித்ததும் பதறிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மா, 'கெளரவம்', 'பெளர்ணமி' என்று வருவனவற்றைத் திருத்த வேண்டியதுதான். ஆனால் 'வெளி', 'தெளிவு', 'வெள்ளை', 'கெளிறு' என்பவற்றிலும் எகரக் குறியேறிய எழுத்தை அடுத்து ளகரம்தானே வருகிறது? உங்கள் செயற்கூறு அவற்றை என்ன செய்கிறது? எங்கள் அச்சகத்தில் ஒருமுறை எழுத்துரு மாற்றிய ஒருவர் இதே மாற்றத்தைக் கோப்பு முழுவதும் செய்துவிட்டார். 'வெளியீடு' என்ற சொல் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் ஔகாரக் குறியின்மேல் இகரக் குறி தொங்கிக்கொண்டு ஒரு வட்டப் புள்ளிப் பேயோடு வந்து நின்றது. ளகரத்துக்குப்பின் குறியேதும் இல்லாத இடங்களில் மட்டும் மாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்போது 'வெளறிய முகம்' என்று வட்டார வழக்கில் எழுதும் கதாசிரியர் அகப்பட்டுக்கொள்வார். இதைச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், எழுத்தைப் பார்த்து முடியாது.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு. அதை நிரல் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். 'அவர்' என்பதை ரகரத்துக்குப் பதிலாகக் காலை இட்டு அதன்மேல் புள்ளி வைத்து 'அவா்' என்று எழுதியிருப்பார்கள். பல எழுத்துருக்களில் புள்ளி பெற்ற ரகரத்துக்குக் கீழ்ச்சாய்வு இல்லாததால் இரண்டும் ஒரே அச்சாகத் தெரியும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளிலும் இணையச் செய்திகளிலும் இது ஏராளம். தேடினால் அகப்படாதபோதுதான் பிழை என்றே தெரியும். உயிர்க்குறியின்மேல் புள்ளி வருவது தமிழில் எந்தச் சொல்லிலும் இல்லை, எனவே காலின்மேல் புள்ளி வந்தால் அது ரகர ஒற்றுதான். காலின்மேல் இகர, ஈகாரக் குறிகள் வந்தாலும் அப்படியே ரி, ரீ என்று கொள்ளலாம்.

இப்படி நான் திருத்தித் திருத்திக் குறித்துவைத்த சொற்கள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய இருக்கின்றன. அவற்றால் உங்களுக்கு ஏதாவது பயன் உண்டா என்று தெரியவில்லை.

நிரல்நெசவு எழுதியது:

ஐயா, அந்த நோட்டுப் புத்தகம்தான் இங்கே கிடைக்காத பொருள். நிரல் எழுதுபவர்களைத் தேடிப் பிடித்துவிடலாம். 'இதை மாற்று, இதை மட்டும் மாற்றாதே' என்று சொல்லும் பட்டியல் யாரிடமும் இல்லை. ஒரு விரிதாளில் பிழை வடிவம், சரியான வடிவம் என்று இரண்டு நெடுவரிசைகளாக இட்டுத் தாருங்கள். 'கெளிறு', 'வெளறிய' போன்று தொடவே கூடாத சொற்களைத் தனியே வையுங்கள், அவை முன்னவற்றைவிட மதிப்புள்ளவை.

ஒற்றெழுத்து எழுதியது:

மேலே சொன்ன பலவற்றோடும் உடன்படுகிறேன், ஒன்றோடு மாறுபடுகிறேன். காலின்மேல் புள்ளியைத் திருத்துவது இலக்கணப்படி பிழையற்றது என்பதற்காக அதை ஒரு பொதுவான உரைப் பகுப்பாய்வு நிரலகத்தில் சேர்க்கக் கூடாது. சொற்பிரிப்பு என்பது உள்ளே வந்ததைப் பிரித்துத் தர வேண்டுமே தவிர, வந்ததை மாற்றித் தரக் கூடாது. பழைய பதிப்புகளின் பாட வேறுபாடுகளை ஒப்பிடும் ஆய்வாளர் ஒருவருக்கு நிரலகம் சத்தமில்லாமல் எழுத்தை மாற்றிக் கொடுத்தால், அவர் தம் முடிவுகளை எதை நம்பி எழுதுவார்? இவ்வகைத் திருத்தங்களுக்குத் தமிழுக்கென்றே உள்ள நிரலகங்கள் இருக்கின்றன. பைத்தானில் ஓப்பன் தமிழ் என்ற திறமூலத் தொகுப்பு உண்டு. 'தமிழ்' என்ற சொல்லைப் பைத்தான் 5 என்று எண்ணும்போது, இத்தொகுப்பின் எழுத்துப் பிரிப்பு த, மி, ழ் என்று 3 எழுத்துகளாகத் தரும். சொல் திருத்தியும் அதில் இருக்கிறது. மெய்ப்புமேசை ஐயாவின் பட்டியல் அத்தகைய இடத்தில்தான் பொருந்தும்.

வல்லொற்று நீக்கத்தையும் சொற்பிரிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வல்லின மெய் சொல்லின் இறுதியில் வராது என்ற இலக்கண விதியை நம்பி அதை எழுதியிருப்பீர்கள். சங்கப் பாடல்களுக்கு அது சரியாகவே இருக்கும். ஆனால் அதே நிரலகத்தை நாளிதழ்ச் செய்திகளுக்குப் பயன்படுத்துபவரிடம் 'ஈராக்' என்பது 'ஈரா' ஆகிவிடும். 'கிளிக்', 'பேஸ்புக்' எல்லாம் தலைகீழாகும். சொல்லின் ஈற்றைக் களைந்து வேர்வடிவத்தை நெருங்கும் வேலைக்கு ஸ்னோபால் என்ற திட்டம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கான ஈறு களையும் முறையை 1980இல் வெளியிட்ட மார்ட்டின் போர்ட்டர் அதற்கென்றே ஒரு சிறு நிரல்மொழியாக ஸ்னோபாலை உருவாக்கினார். அதில் ஒருமுறை எழுதினால் சி, ஜாவா, பைத்தான் முதலியவற்றுக்கு நிரலாக மாற்றிக்கொள்ளலாம். தமிழுக்கான முறை அதில் ஏற்கெனவே உள்ளது. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் 12ஆம் பதிப்பு அதைத் தன் உரைத்தேடலில் சேர்த்துக்கொண்டது. அங்கே ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சொற்பட்டியலும் ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைக்க வேண்டிய விடைப்பட்டியலும் வைத்திருக்கிறார்கள். ஒரு விதியை மாற்றினால் எத்தனை சொற்களின் விடை மாறுகிறது என்று வரிவரியாகத் தெரிந்துவிடும். சந்தி பற்றிய உங்கள் அறிவு அங்கே நேரடியாகப் பயன்படும்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. சோதனைச் சொற்களை அண்மையில் வெளிவந்த அகராதியிலிருந்து கொத்தாக எடுத்துப் போடாதீர்கள். விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் உரிமம் அதே நிபந்தனையில் பகிரச் சொல்வது. எம்ஐடி போன்ற தளர்வான உரிமமுள்ள நிரலகத்தில் அவற்றைக் கலந்தால் சிக்கல் வரும். சங்கப் பாடல் வரிகளுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் உரையையோ பதிப்பாசிரியர் குறிப்பையோ எடுப்பதாக இருந்தால் பதிப்பாண்டைப் பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. என் செயற்கூறை 'வெளி' என்ற சொல்லில் ஓட்டிப் பார்த்தேன். மெய்ப்புமேசை ஐயா சொன்ன அதே பேய் வந்தது. ஏழு வாரங்களாக யாரும் அதை நிரலகத்தில் சேர்க்கவில்லை என்பதை இப்போது நல்லூழ் என்றே கொள்கிறேன். பழைய கோரிக்கையை நானே மூடிவிட்டேன். கொண்கனும் இரண்டு பதிவுகளாகவே இருந்தான்.

வைகைக்கரை எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பின்):

நடந்ததைப் பதிவு செய்துவிடுவது நல்லது என்று மீண்டும் எழுதுகிறேன்.

நிரல்நெசவு ஐயா சொன்னபடி முதலில் வழுப்பதிவு மட்டும் எழுதினேன். 'தோழி', 'கூற்று', 'கடல்' ஆகிய மூன்று சொற்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே போன குறியெண்கள், வெளியே வந்தவை. நான்காம் நாள் பராமரிப்பாளர்களில் ஒருவர் பதில் எழுதினார். இது பிற மொழிகளிலும் நிகழ்கிறதா என்று கேட்டிருந்தார். என்னால் தமிழுக்கு மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும் என்று எழுதினேன். அதைப் பார்த்த வேறொருவர் தமக்குத் தெரிந்த இந்திச் சொற்கள் ஆறினையும், இன்னொருவர் வங்காளச் சொற்கள் சிலவற்றையும் அடியில் சேர்த்தார்கள். அதன்பின் அது தமிழ்க்காரி ஒருத்தியின் குறையாக இல்லாமல் நிரலகத்தின் குறையாகிவிட்டது.

இரண்டாவது புல் ரிக்வெஸ்ட்டில் இரண்டு கோப்புகள்தாம்: ஒன்றில் 14 சோதனைகள், மற்றதில் ஒன்பது வரி நிரல். இணைக்குறிகளைச் சேர்த்ததோடு எல்லைக் குறியீட்டையும் மாற்றினேன். மூன்று சுற்றுத் திருத்தம் கேட்டார்கள். ஒன்று மாறியின் பெயர் பற்றியது. ஒன்று வேகம் பற்றியது, இணைக்குறிகளின் பட்டியலை ஒவ்வொரு முறையும் கணக்கிடாமல் தொடக்கத்தில் ஒரே முறை கணக்கிடச் சொன்னார்கள். மூன்றாவது, ஆவணத்தில் நான் எழுதிய ஆங்கிலம் பற்றியது. அதை அவர்களே திருத்திக் கொடுத்தார்கள். விருப்பத் தேர்வாக ஏற்றுக்கொண்டு சென்ற வாரம் இணைத்துவிட்டார்கள். இயல்பு நடத்தை இப்போதைக்குப் பழையபடியே இருக்கும்.

மெய்ப்புமேசை ஐயா அனுப்பிய விரிதாளில் 212 சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் 37 தொடக்கூடாதவை. ஒற்றெழுத்து அவர்கள் சொன்னபடி அதைத் தமிழ் நிரலகம் ஒன்றுக்கு அனுப்பத் தயார் செய்கிறேன். ஐயா தம் பெயரைப் போட வேண்டாம் என்கிறார். பங்களித்தோர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

ஒரு புதிய சிக்கலும் வந்திருக்கிறது. இரண்டு குறியெண்களுக்குக் குறைந்ததைத் தள்ளும் விதி அப்படியே இருப்பதால் 'பூ', 'தீ', 'கோ' எல்லாம் இப்போது சொல்லடைவில் வருகின்றன. பசுவைக் குறிக்கும் 'ஆ' மட்டும் வரவில்லை. தமிழ்க் கணக்கில் எல்லாமே ஓரெழுத்துத்தான், யூனிகோடு கணக்கில் முன்னவை இரண்டு குறியெண்கள், 'ஆ' ஒன்று. நன்னூல் கணக்கிடும் ஓரெழுத்து ஒருமொழிகள் 42. அவற்றுள் ஆ, ஈ, ஊ போலத் தனி உயிரெழுத்தாக நிற்பவை மட்டும் தள்ளுபடியாகின்றன. எண்ணிக்கை விதியை எழுத்துக் கணக்குக்கு மாற்றக் கேட்பதா, விதியை எடுத்துவிட இடம் கேட்பதா?

ஒற்றெழுத்து எழுதியது:

எடுத்துவிட இடம் கேளுங்கள். எழுத்துக் கணக்குக்கு மாற்றினால் 'ஆ'வோடு 'பூ'வும் 'தீ'யும் சேர்ந்து போய்விடும். மேலும் 'க்ஷ' போன்றவற்றைத் தமிழர் ஓரெழுத்தாக எண்ணுவதும் யூனிகோடின் பொது விதி இரண்டாகப் பிரிப்பதும் வேறொரு வழக்காக இழுத்துக்கொண்டு போகும். குறைந்தபட்ச நீளத்தைப் பயனரே கொடுக்கும்படி ஓர் அளவுரு இருந்தால் போதும். தனி வழுப்பதிவாக எழுதுங்கள், 42 சொற்களையும் பட்டியலாக இணையுங்கள். நொ, து இரண்டும் குறில் என்பதால் அவற்றை விட்டுவிடாதீர்கள்.